ஒரே கார்டு, ஐந்து விலை: பழைய பேஸ்பால் கார்டுக்கு மதிப்புப் போடுவது எப்படி?

பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நியூ ஜெர்சியில் நாற்பது வருடம் இருந்த வீடு. பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் ஒரு ஷூ பெட்டி. உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பேஸ்பால் கார்டுகள், விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சின்ன அட்டைகள். நான் சில வருடங்களாகப் பழைய கார்டுகளை வாங்கி விற்பவன் என்று அவருக்குத் தெரியும். இதில் ஏதாவது தேறுமா என்று கேட்டார்.

ரப்பர் பேண்டைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. அது கார்டின் ஓரத்தில் பள்ளம் போடும். அந்தப் பள்ளம் விலையிலும் விழும்.

பெட்டியில் பெரும்பகுதி டாப்ஸ் கம்பெனி 1987இல் அச்சிட்ட கார்டுகள், மரப்பலகை போல ஓரம் வைத்தவை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கம்பெனிகள் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. அவற்றை எடைக்குப் போட்டாலும் கேட்பாரில்லை.

தனியாகப் பிளாஸ்டிக் உறையில் ஒன்று இருந்தது: 1952 டாப்ஸ், 311ஆம் எண், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில். 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போன கார்டு இதுதான் என்று பெரியவருக்கும் தெரிந்திருந்தது. நான் ஸ்கேலை எடுத்து வைத்தேன். இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். 1952இன் அசல் கார்டு இதைவிடப் பெரியது, 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம். திருப்பினால் மறுபதிப்பு என்று பின்புறமே சொல்கிறது. 1983இல் டாப்ஸ் கம்பெனியே தன் 1952 தொகுப்பை மறுபடி அச்சிட்டு விற்றது; அதில் ஒன்று. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்றாவதாக, கட்டின் நடுவில் கிடந்தது ஒன்று. 1968 டாப்ஸ், எண் 177. சணல் சாக்கை நினைவூட்டும் பழுப்பு ஓரம், உள்ளே இரண்டு இளைஞர்களின் முகம். இடப்பக்கம் ஜெர்ரி கூஸ்மன், வலப்பக்கம் நோலன் ரயன். ரயனின் முதல் கார்டு. பிற்பாடு பந்து வீசி 5,714 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து, அதாவது அத்தனை முறை மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்து, ஏழு ஆட்டங்களில் எதிரணியை ஒரு ஹிட் கூட அடிக்க விடாத ஆள். சரி, இதற்கு என்ன விலை? இந்த ஒரு கார்டை வைத்துக்கொண்டே ஐந்து வழிகளையும் பார்த்துவிடலாம்.

விலைப் புத்தகம்

ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1979இல் முதல் விலைப் புத்தகத்தை வெளியிட்டார். 1984இல் அது மாத இதழும் ஆயிற்று. ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்த விலை, கூடிய விலை என இரண்டு பத்தி. பக்கத்தில் ஏறினால் மேல் அம்பு, இறங்கினால் கீழ் அம்பு. அந்தக் காலத்துப் பையன்கள் அந்த அம்புகளைப் பார்த்துத்தான் கார்டு மாற்றிக்கொள்வார்கள்.

நம் ஊர்ப் பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் இது. தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். அந்த விலைக்கு யாராவது மனை விற்றார்களா என்பது வேறு கதை. இன்னொரு சிக்கல், புத்தக விலை பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ள கார்டுக்கு எழுதியது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கார்டுக்கு அதை அப்படியே வைத்துப் பேசுகிறவர்களிடம் வியாபாரம் பேசாமல் எழுந்துவிடுவது நல்லது.

ஆனாலும் நான் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. கையில் இருப்பது என்ன கார்டு என்று அடையாளம் காண அது உதவும். இந்த ரயன் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டாப்ஸ் அச்சிட்டது ஒன்று. அதே படத்தோடு கனடாவின் ஓ-பீ-சீ கம்பெனி அச்சிட்டது ஒன்று. அதன் பின்புறத்தில் கனடாவில் அச்சானதற்கான குறிப்பு இருக்கும். மில்டன் பிராட்லி விளையாட்டுப் பெட்டியோடு வந்தது இன்னொன்று. பின்புற மஞ்சள் சற்றுப் பளிச்சென்றிருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் சகோதரர்கள். மூன்றுக்கும் விலை வேறு. இது தெரியாமல் விலை தேடுவது வேறொருவர் வீட்டு முகவரியில் நம் கடிதத்தைத் தேடுவது மாதிரி.

விற்ற விலை

நான் முதலில் போய்ப் பார்ப்பது ஈபேயில், அதுவும் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்ட பிறகுதான். போடாமல் பார்த்தால் கண்ணில் படுவது கேட்கிற விலை. கேட்பதற்கு என்ன, யானை விலையும் கேட்கலாம், குதிரை விலையும் கேட்கலாம். பல மாதமாக விற்காமல் கிடக்கும் கார்டுதான் தேடலில் திரும்பத் திரும்ப வரும். விலை நியாயமாக இருந்தது என்றைக்கோ போயிருக்கும்.

விற்றவை பட்டியலிலும் பொடி வைத்திருக்கிறது. பேரம் பேசி முடிந்த விற்பனை என்றால் ஈபே கேட்ட விலையைக் குறுக்கே கோடு அடித்துக் காட்டும். படிந்த விலையைக் காட்டாது. 1,000 டாலர் என்று கோடு அடித்திருந்தால் அது 950க்கும் போயிருக்கலாம், 600க்கும் போயிருக்கலாம். 130பாயின்ட் என்ற தளத்தில் அதே விற்பனையைத் தேடினால் உண்மையில் கைமாறிய தொகை தெரியும். ஈபேயின் சாதாரணத் தேடல் சுமார் 90 நாள் விற்பனைதான் காட்டும். அதற்கு முந்தையவை வேண்டுமானால் கார்ட் லேடர் போன்ற தளங்கள் இருக்கின்றன. பழைய கார்டுகளுக்கென்றே சந்தா கட்டிப் பார்க்கும் விலைப் பதிவுகளும் உண்டு.

எண்ணிக்கையைவிட ஒப்புமை முக்கியம். என் வழக்கம் இது: அதே கார்டு, அதே கிரேடு (கார்டின் நிலைக்குப் போடும் மதிப்பெண்), அதைப் போட்ட அதே கிரேடிங் கம்பெனி என்று பத்துப் பன்னிரண்டு விற்பனையை எடுப்பேன். மிக உயர்ந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் தள்ளிவிடுவேன். உச்ச விலையில் முடிந்ததாகக் காட்டும் ஏலத்தில் ஜெயித்தவர் பணமே கட்டாமல் போயிருக்கலாம். அதைப் பட்டியல் சொல்லாது. மிச்சத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். ஒரே 5ஆம் கிரேடு என்றாலும் படம் நடுவில் உட்கார்ந்த கார்டும் இடப்பக்கம் ஒதுங்கிய கார்டும் ஒரே விலைக்குப் போவதில்லை. நம் ரயன் கார்டில் இடப்பக்க ஓரம் நூல் அளவுக்கு மெலிந்து, வலப்பக்கம் தடித்திருந்தது. அதனால் பட்டியலின் மேல்பாதியை நான் கண்டுகொள்ளவே இல்லை.

தேதியும் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் கார்டு விலை வெறி பிடித்து ஏறியது. கூடைப்பந்து உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது: 1986 ஃபிளீர் கம்பெனியின் மைக்கேல் ஜோர்டன் கார்டு, பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் கம்பெனி 10 போட்டது, 2021 ஜனவரி கடைசியில் 7,38,000 டாலருக்குப் போனது. அதே ஆண்டுக்குள் அதே கிரேடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜனவரி விலையைப் பிரிண்ட் எடுத்துப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏல நிறுவனங்களின் பதிவு

கோடிகளில் பேசும் கார்டுகள் இங்கேதான் வரும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டோடு வந்த டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் கார்டு 2021 ஆகஸ்டில் ராபர்ட் எட்வர்ட் ஏலத்தில் 66 லட்சத்து 6 ஆயிரம் டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டு இன்னொரு பிரதி தனியார் விற்பனையில் 72 லட்சத்து 50 ஆயிரம். உலகிலேயே சில டஜன் பிரதிகள் உள்ள கார்டு என்பதால் ஈபேயில் 'இந்த மாத விற்பனை' என்று தேட வழியில்லை. இவற்றுக்கு ஏலப் பதிவுதான் ஒரே ஆதாரம்.

பத்திரிகையில் வரும் ஏலத் தொகையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும், சுமார் 20 சதவீதம். விற்பவர் கைக்கு அது வராது. பழைய நகையை விற்கப் போனவர்களுக்குச் சேதாரம் என்றால் என்ன என்று தெரியும்; அதே மாதிரிதான். நம் ரயனுக்கு இந்த வழி பொருந்தாது. சந்தையில் தாராளமாகப் புழங்கும் கார்டுக்குப் பெரிய ஏலம் தேவையில்லை.

கிரேடிங்

பி.எஸ்.ஏ. 1991இல் தொடங்கியது. எஸ்.ஜி.சி.யும், விலைப் புத்தகம் போட்ட பெக்கெட்டின் கிரேடிங் பிரிவும் அந்தத் தசாப்தத்தின் இறுதியில் வந்தன. கார்டை அனுப்பினால் அசலா என்று பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். நகைக்கு ஹால்மார்க் போல. மதிப்பெண் விலையைச் சொல்லாது. ஆனால் எந்த விலையோடு ஒப்பிட வேண்டும் என்பதைக் கச்சிதமாகச் சொல்லிவிடும்.

மேல் கிரேடுகளில் ஏற்றம் படிக்கட்டு மாதிரி இருக்காது, மலை மாதிரி இருக்கும். அந்த 1952 மேன்டில், பி.எஸ்.ஏ. 9 நிலையில், 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலர். 2022இல் எஸ்.ஜி.சி. 9.5 நிலையில் 1 கோடியே 26 லட்சம். மூலை உடைந்து, மடிப்பு விழுந்த 1ஆம் கிரேடு கூடப் பல்லாயிரம் டாலர் பெறும். ஒரே படம், ஒரே அச்சு. பொதுவாக அதே எண்ணுக்குப் பி.எஸ்.ஏ. பெட்டி கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பார்கள். ஆனால் 2022இல் கார்டு விலையில் சாதனை படைத்த அந்த மேன்டில் எஸ்.ஜி.சி. பெட்டியில் இருந்தது. 2024 பிப்ரவரியில் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமே எஸ்.ஜி.சி.யை வாங்கிவிட்டது, அது தனிக்கதை.

முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பி.எஸ்.ஏ. கிரேடு செய்த முதல் கார்டே ஒரு டி206 வாக்னர்; ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணி உரிமையாளரும் 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது. அதற்கு 8 என்று மதிப்பெண் கிடைத்தது. 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, அந்தக் கார்டின் ஓரங்களை வெட்டிச் சீராக்கினேன் என்று ஒப்புக்கொண்டார். இன்று ஓரம் வெட்டிய கார்டை அனுப்பினால் எண்ணே போடாமல் 'அசல், ஆனால் மாற்றப்பட்டது' என்றுதான் எழுதுவார்கள்.

எத்தனை பிரதி எந்த கிரேடில் இருக்கிறது என்ற கணக்கையும் இவர்கள் வெளியிடுகிறார்கள். 1952 மேன்டிலுக்குப் பி.எஸ்.ஏ. 10 மூன்று, 9 ஆறு. பயனுள்ள கணக்குதான். ஆனால் கூடுதல் மதிப்பெண் ஆசையில் பெட்டியை உடைத்து மறுபடி அனுப்புகிறவர்கள் இருப்பதால், நடுத்தர கிரேடுகளில் ஒரே கார்டு இரண்டு மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும்.

செலவு சில பத்து டாலரில் தொடங்கி, கார்டின் மதிப்புக்கேற்ப ஏறும். அந்த 1987 கட்டிலிருந்து எதையாவது அனுப்பினால் கட்டணம்தான் கார்டைவிட அதிகமாகும். அனுப்பும் முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியது நாலு விஷயம்: படம் நடுவில் இருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு. கடைசியது விளக்கின் கீழே கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். நேராகப் பார்த்தால் எல்லாக் கார்டும் அழகுதான்.

வியாபாரியின் விலை

கண்காட்சியில் மேசை போட்டிருப்பவரிடம் கொடுத்தால் உடனே ரொக்கம். சந்தை விலையில் பாதி முதல் எழுபது சதவீதம் வரை சொல்வார். அடிமாட்டு விலை என்று பலர் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபமில்லை. ஈபேயில் விற்றால் கட்டணமாகவே சுமார் 13 சதவீதம் போகும்; அப்புறம் தபால், காப்பீடு, பொருள் வரவில்லை என்று சண்டை போடும் ஆள். வியாபாரி அதையெல்லாம் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டியவருக்கு அந்த எழுபது சதவீதம் மோசமான விலையில்லை. ஒரே நிபந்தனை, விற்ற விலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். எதன் எழுபது சதவீதம் என்று தெரியாமல் போனால் அவர் சொல்வதுதான் நூறு.

பெரியவரும் அப்படித்தான் செய்தார். 1987 கட்டை ஒரு வியாபாரி தூக்கிக்கொண்டு போனார், பெட்டியைக் காலி செய்த உதவிக்கு என்று சொல்லலாம். மறுபதிப்பு மேன்டிலை அவரே வைத்துக்கொண்டார். ரயனை மட்டும் என் கணக்கில் கிரேடிங்குக்கு அனுப்பினோம். 5 வரும் என்று சொல்லியிருந்தேன், மூலைகளை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கர்வத்தோடுதான்.

வந்தது 4. அவர் சமையலறை மேசை விளக்கின் கீழே பிளாஸ்டிக் பெட்டியைச் சாய்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: ரயனின் தொப்பிக்கு மேலே, நகம் பட்டது போல ஒரு சுருக்கம். என்னைவிட அவர்தான் அதை முதலில் பார்த்தார்.