கண்ணுக்குத் தெரியாத கூலன்ட் கசிவும் ஒரு பிரஷர் டெஸ்டர் கிட்டும்

எங்கள் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. அது எங்கே போகிறது என்று 8 மாதங்களாக எவராலும் சொல்ல முடியவில்லை. 15 நாளுக்கு ஒரு முறை, கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் கால் லிட்டர் அளவுக்கு ஊற்ற வேண்டியிருந்தது, ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இருந்ததில்லை. கடந்த மே மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் டேங்க் மூடியை மட்டும் மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் எந்தச் சோதனையும் செய்யாமல், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லி 45,000 ரூபாய்க்கு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். அந்தத் தாளுடன் வீடு திரும்பிய அன்று இரவுதான் இந்த பிரஷர் டெஸ்டர் கிட்டை இணையத்தில் வாங்கினேன். விலை 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் மேல் சொல்லும்படியான பிராண்டு பெயர் எதுவும் இல்லை.

பெட்டிக்குள் அளவுமானி பொருத்திய கைப்பம்பு, அதனுடன் சேரும் ஹோஸ், வெவ்வேறு வண்டிகளின் டேங்க் வாய்க்குப் பொருந்தும் 20-க்கு மேற்பட்ட அடாப்டர்கள், கூலன்டை மீண்டும் நிரப்புவதற்கான வெற்றிடக் கருவி ஆகியவை இருந்தன. இது செய்யும் வேலை எளிமையானது. ஓடும் எஞ்சினில் கூலன்ட் சூடாகி விரிவதால் உண்டாகும் அழுத்தத்தை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கையால் உண்டாக்கித் தருகிறது. அந்த அழுத்தம் ஏன் அவசியம் என்றால், கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் (அழுத்தத்தின் அலகு) கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கசிவினால் அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் கூடவே இறங்கிவிடும். ஆகவே டேங்கில் கூலன்ட் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தாலும் ஏற்றத்தில் வண்டி கொதித்துவிடக்கூடும்.

டர்போ வண்டியில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கடுமையானது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. பெட்ரோல் எஞ்சினில் அது முழுப் பளுவின்போது 900 டிகிரியை எட்டக்கூடும். அந்தச் சக்கரம் பொருந்திய தண்டைத் தாங்கும் நடுப்பகுதிக்குள் எண்ணெயும் ஓடுகிறது, எங்கள் கார் போன்ற பல பெட்ரோல் வண்டிகளில் கூலன்டும் ஓடுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் அந்த இரும்பு நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால்தான், சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னரும் சிறிய மின்பம்பு ஒன்று கூலன்டைச் சுற்றவைத்துக்கொண்டிருக்கிறது. கூலன்ட் குறைந்து அந்தக் குழாய்களில் காற்று புகுந்தால், உள்ளே தேங்கிய எண்ணெய் கருகிப் படிந்து தண்டின் தாங்கியைக் கெடுத்துவிடும். டேங்கில் அளவு இறங்குவதைக் கண்டால் நான் பதறுவதற்குக் காரணம் இதுதான்.

சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி இரவு முழுதும் குளிர்ந்த பிறகு செய்தேன். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்ட நொடியிலேயே கூலன்ட் கொதித்து முகத்தில் பீறிடும் என்பதை, இக்கருவியை வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பொருத்தமான அடாப்டரைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் அடாப்டர்களில் எண் மட்டும் இருக்கிறது, எந்த எண் எந்த வண்டிக்கு என்னும் அட்டவணை பாதி வண்டிகளுக்கு இல்லை. மூடியில் அச்சிட்டிருந்த 1.4 பார் வரை அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். 15 நிமிடத்தில் முள் 1.1-க்கு இறங்கியது. தரையில் அப்போதும் ஈரமில்லை. அடியில் உள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, பல் மருத்துவர்கள் வைத்திருப்பதைப் போன்ற சிறு கண்ணாடியையும் கைப்பேசி வெளிச்சத்தையும் கொண்டு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தபோது, டர்போவிலிருந்து கூலன்ட் திரும்பும் குழாயை இறுக்கும், நடுவே துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் அடியில் ஒரு துளி மெல்லத் திரண்டு தொங்குவதைக் கண்டேன். அதைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் போலப் பொருக்குப் படிந்திருந்தது.

வண்டி ஓடும்போது அந்தத் துளி விழும் இடம், எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. விழுந்ததுமே ஆவியாகிவிடுவதால் தரைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. மலை ஏறி நிறுத்தும் போதெல்லாம் என் மனைவி, "வெல்லம் காய்ச்சற மாதிரி ஒரு வாசனை வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூலன்டில் உள்ள கிளைக்காலின் வாசனை அது என்பதை நான் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். கசிவு டர்போவின் அருகில் இருந்தால் சூடான எஞ்சினில் தேடிப் பயனில்லை, குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் ஏற்றித்தான் பார்க்க முடியும் என்பதை இந்தக் கருவி எனக்குக் காட்டிக்கொடுத்தது. இதற்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன்.

ஹெட் கேஸ்கட் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள விரும்பினேன். கருவியைப் பொருத்தியபடியே மிகக் குறைந்த அழுத்தத்தில் குளிர்ந்த எஞ்சினை இயக்கினால், கேஸ்கட் பழுதாகியிருக்கும் நிலையில், சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே புகுவதால் முள் சில நொடிகளிலேயே ஏறத் தொடங்கும் அல்லது துடிக்கும். எங்கள் வண்டியில் அது அசையவில்லை. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியாகாது, சிறிய பழுது இதில் தப்பிவிடக்கூடும். ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம், டேங்கிலிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனையையும் செய்துகொண்டேன். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும் அத்திரவம் நீலமாகவே இருந்தது. அவரே வெப்பத் தகட்டைக் கழற்றி, பான்ஜோ போல்ட்டின் இரண்டு செப்பு வாஷர்களையும் மாற்றிக் கொடுத்தார். வாஷர்களின் விலை 200 ரூபாய்க்குள் அடங்கியது, கூலி 1,800 ரூபாய்.

கிட்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் சோதனைக்கு முன்பே ஹோஸின் இணைப்பில் காற்று கசிந்ததால், வண்டியில் இல்லாத கசிவை வண்டியின் மேல் சுமத்த இருந்தேன். கிட்டில் மூடியைச் சோதிப்பதற்கென்று உள்ள அடாப்டரில் நல்ல மூடியைப் பொருத்தி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே வண்டியில் மாட்ட வேண்டும். அடாப்டர்களின் ரப்பர் வளையங்கள் மெலிந்தவை. இரண்டை ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஓ-ரிங்கால் மாற்றிவிட்டேன். பம்பில் அழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்தும் வால்வு இல்லை என்பது இவற்றைவிடப் பெரிய குறை. அளவுமானி 2.5 பார் வரை காட்டுகிறது என்பதற்காக அதுவரை அடித்தால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டியே வெடித்துவிடலாம். மூடியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது.

கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறக்காதது, விசிறி சுழலாதது, எஞ்சினின் கூலன்ட் பம்பின் இறக்கை தேய்ந்தது, ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொண்டது ஆகியவற்றை இக்கருவி காட்டாது. கூலன்ட் குறையாமலேயே வெப்பம் ஏறும் வண்டிக்கு இதை வாங்குவது வீண் செலவு.

வெற்றிடக் கருவியை நான் வேண்டாத இணைப்பாகவே நினைத்திருந்தேன். அதை இயக்கக் கம்ப்ரஸர் வேண்டும், டயருக்குக் காற்று அடிக்கும் வீட்டுப் பம்பு போதாது. தெருமுனை பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டு அவருடைய கம்ப்ரஸரில் இணைத்தபோது, ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ்கள் எல்லாம் உள்வாங்கித் தட்டையாகின. வால்வைத் திறந்ததும், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலன்ட் குமிழி இல்லாமல் உள்ளே இழுக்கப்பட்டது. டர்போவின் மெல்லிய குழாய்களில் காற்று தங்கிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், கையால் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றும் பழைய முறையைவிட இதில் எனக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது. அதன் பிறகு மீண்டும் 1.4 பார் ஏற்றி அரை மணி நேரம் காத்திருந்தேன், முள் நகரவில்லை. 3 மாதங்களாக டேங்கில் நான் மார்க்கரால் போட்ட கோட்டிலேயே கூலன்ட் நிற்கிறது, இடையில் ஒரு முறை வால்பாறைக்கும் போய் வந்துவிட்டோம்.