தோப்புக் கிணற்றுத் தண்ணீருக்குப் போகலாம், கடல் தண்ணீரோடு போகாதீர்கள்

கோவையில் நான் போகும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு மூன்று நட்சத்திரம். பெயர் போடவில்லை, பாதித் தப்பு என்னுடையது.

எங்கள் தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். தென்னையில் குருத்தழுகல் வந்தால் போர்டோ கலவை ஊற்றுவோம், அதில் இருக்கும் மயில்துத்தம் தாமிரம்தான், அது கிணற்றில் இறங்கியிருக்குமோ என்ற பயத்தில் இரண்டு வருஷமாக இங்கே தண்ணீர் கொடுக்கிறேன். குறையே சொல்ல முடியாது. நாலாம் நாள் ரிப்போர்ட் வந்துவிடும், குடிநீரில் தாமிரத்துக்கு இந்தியத் தர அளவான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமையும் பக்கத்திலேயே அச்சடித்துத் தருவார்கள்.

சரி, வம்பு எங்கே வந்தது என்றால், எங்கள் பக்கத்து ஆழியாற்றுத் தண்ணீர் கேரளத்துப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலுக்குப் போகிறதே, அங்கே போன தாமிரம் என்ன ஆகிறது என்று நான் படிக்க ஆரம்பித்ததில். தாமிரத்தில் 63, 65 என்று இரண்டு எடையில் அணுக்கள் உண்டு, நூற்றுக்கு 69 பங்கு 63தான். பாறையில் இருப்பதைவிட ஆற்று நீரில் கரைந்திருக்கும் தாமிரத்தில் 65 ஒரு சிட்டிகை தூக்கல், சராசரியாக ஆயிரத்துக்கு 0.7. ஆழ்கடலிலும் ஏறக்குறைய அதே அளவு. லேசானது மண்துகளோடு ஒட்டிக்கொள்கிறது, கனமானது கரிமப் பொருளைப் பிடித்துக்கொண்டு கரைந்தே போகிறது என்கிறார்கள். கடலில் கரைந்த தாமிரத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இப்படிக் கரிமப் பொருளின் பிடியில்தான் கிடக்கிறது. நுண்பாசிக்குத் தாமிரம் துளி வேண்டும், கூடினால் விஷம், அதனால் இந்தப் பிடி இல்லாவிட்டால் அதன் பாடு திண்டாட்டம்.

இதைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னானிக்கே போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். கொடுக்கும்போது வரவேற்பில் இருந்த தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ரசீது போட்டுக் காசை வாங்கிக்கொண்டார். ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம். திறந்த கடலில் 0.1 மைக்ரோகிராமைச் சுற்றித்தான் இருக்கும், கரையோரம் கூடும் என்றாலும் இவ்வளவா? 65க்கும் 63க்கும் விகிதம் கேட்டிருந்தேன், அந்தக் கட்டம் காலி.

மறுபடி போனபோது உள்ளே மெஷின் பார்க்கும் அக்கா வந்து பேசினார். அந்த மெஷின் தண்ணீரை ஆர்கான் வாயுவின் கொதிசூட்டில் அணுவாக்கி, எடை பார்த்து எண்ணுவது; அணுக்கள் உள்ளே நுழையும் சின்னத் துளை உள்ள மூக்குதான் கோன். "ஏனுங்க தம்பி, உப்புத் தண்ணிய நேரா ஓட்டுனா கோன் அடைச்சுக்குமுங்க. அப்பறம் ஆர்கான் 40, சோடியம் 23, ரெண்டும் ஒட்டுனா 63. உங்க உப்பத்தான் மெஷின் தாமிரம்னு எண்ணிருக்குது." மெக்னீசியம் 25 ஒட்டினால் 65, ஆக விகிதமும் போச்சு. முதலில் பிசின் நிரப்பிய குழாயில் விட்டு உப்பைக் கழித்துத் தாமிரத்தை மட்டும் பிரிக்க வேண்டுமாம், அப்புறம் இரண்டு எடையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் பல ஏற்பிகள் கொண்ட வேறு வகை மெஷின் வேண்டுமாம், அது இங்கே இல்லை. இதை அந்தத் தம்பி முதல் நாளே சொல்லியிருந்தால் காசு மிச்சம். இரண்டு நட்சத்திரம் அதற்குத்தான் குறைத்தேன்.

"எதுலீங்க மொண்டீங்க?" என்றார். படகுக்காரர் கொடுத்த பித்தளைச் சொம்பில் என்றேன். அக்கா சிரித்த சிரிப்பை மறக்க மாட்டேன். பித்தளையே தாமிரமும் துத்தநாகமும்தானே! போதாததற்கு, பாசி பிடிக்காமலிருக்கப் படகின் அடியில் பூசும் பெயின்டிலும் பெரும்பாலும் தாமிரம் உண்டு. அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, எடுத்ததும் துளி சுத்தமான அமிலம் விடாவிட்டால் இருக்கிற தாமிரமும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கடல் உலோகம் பற்றி என்னைப்போல் ஆசை இருப்பவர்களுக்கு ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தின் 2021 தரவுத் தொகுப்பு இலவசம், கப்பல் கப்பலாகப் போய் அளந்து வைத்திருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் தாராளமாக இந்தக் கூடத்துக்கே போங்கள். பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் ரசீது போடும் தம்பி டீக்குப் போய்விடுவார்.