கல்வளைவுப் பாலப் பெட்டி: கட்டைகள் நல்லது, அடிப்பலகை மோசம்

பேத்தியின் எட்டாவது பிறந்தநாளுக்கென்று யாழ்ப்பாண நகரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 4,850 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். பெட்டி மேல் பிரான்சில் ரோமர் கட்டிய பொன் து கார் கல்பாலத்தின் படம். உள்ளே ஆப்பு வடிவ மரக்கட்டைகள் இரண்டு தொகுதி: அரைவட்ட வளைவுக்கு 13, உயரம் குறைந்த தட்டை வளைவுக்கு 11. கட்டும்போது தாங்கிக்கொள்ள இரண்டு மரச்சட்டம், வளைவின் இரு முனைகளையும் பிடிக்கிற தடுப்புகளோடு ஒரு அடிப்பலகை. பசை இல்லை. யாரோ வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்த கடைக்காரத் தம்பி, தானாகவே ஒரு பசைக் குழாய் சேர்த்துத் தந்தார். வளைவு பசையில்லாமலே நிற்கும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் அதை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டேன்.

30 வருடம் வீதி வேலைகளில் மேற்பார்வையாளராக நின்றவன் நான். கட்டிய மதகுகளுக்குக் கணக்கில்லை, ஆனால் எல்லாம் கம்பி கட்டிக் கொங்கிறீற்று போட்டவை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத ஊரில் கல்வளைவுப் பாலம் கட்ட யார் கூப்பிடப் போகிறார்கள்? விறாந்தையில் கட்டைகளைப் பரப்பியபோது அவளைவிட எனக்குத்தான் அவசரம்.

அரைவட்டம் அருமை. சட்டத்தின் மேல் இரண்டு பக்கமிருந்தும் அடுக்கி வந்து, கடைசியாக உச்சிக் கட்டையை இறக்கி, சட்டத்தை மெல்ல உருவினாள். 'டக்' என்றது. ஒரு நூல் அளவு இறங்கி அப்படியே நின்றது.

"ஏன் அப்பப்பா விழேல்லை?"

"எல்லாக் கட்டையும் விழத்தான் பார்க்குது பிள்ளை. ஒன்றை ஒன்று நெருக்குறதாலை விழ இடமில்லை."

ஒரு கிலோ சீனிப் பையை மேலே வைத்தோம். இன்னும் இறுகியது. கல்லை நெருக்கினால் தாங்கும், இழுத்தால்தான் வெடிக்கும். வளைவுக்குள் இழுவைக்கு வேலையே வராமல் பார்த்துக்கொண்டதுதான் பழைய ஆட்களின் கெட்டித்தனம். பொன் து காரின் கீழ் வளைவுகளில் சாந்தே கிடையாது, சில கற்கள் 6 தொன். 2002 வெள்ளத்திலும் அது அசையவில்லை. எங்கள் கொங்கிறீற்றிலோ கடல்நீரேரிக் காற்றின் உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, வெளியே பிளந்துகொண்டு வரும். கல்வளைவுக்குள் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை.

தட்டை வளைவில்தான் வில்லங்கம். சீனிப் பையை வைத்ததும் இடப்பக்கத் தடுப்பு பலகையிலிருந்து பிய்ந்து போனது. வளைவு விரிந்து, கட்டைகள் சிதறி, விறாந்தை முழுக்கச் சீனி. அரைமணித்தியாலத்தில் எறும்பு. பார்த்தால், தடுப்புகளை வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். வளைவு தட்டையாகத் தட்டையாகப் பக்கங்களை வெளியே தள்ளுகிற உதைப்பு கூடும், இதுகூடத் தெரியாமலா பெட்டி செய்தார்கள்? சீனாவில் லி சுன் என்பவர் கி.பி. 605 அளவில் கட்டி முடித்த ஆன்ஜி பாலம் 37 மீற்றர் அகலத்தைத் தாண்டுகிறது, உயரம் 7 மீற்றர் சொச்சம்தான். அந்த உதைப்பை இன்றும் கரைகள் தாங்குகின்றன. பெரிய வளைவின் தோள்களில் பக்கத்துக்கு இரண்டாகச் சின்ன வளைவுகளைத் திறந்துவிட்டு, பாரத்தையும் குறைத்து, வெள்ளம் போக வழியும் விட்டிருக்கிறார்.

பெட்டியிலுள்ள தாள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும். அத்திவாரம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட பாலங்கள் மேலே ஏறும் பாரத்தால் போவது குறைவு. தண்ணீர் தூணின் அடிமண்ணை அரித்துத்தான் பெரும்பாலும் சாய்க்கும். தாம்பாளத்தில் மணல் பரப்பி, இரண்டு கட்டையை நட்டு, செம்பால் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். தாளில் இல்லாத பாடம் அப்படி நடந்தது.

மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போனால், "பிரித்த சாமான் எடுக்கமாட்டோம் ஐயா" என்றார்கள். சரி, அடியிலிருந்து தடுப்புக்கு இரண்டு திருகாணி முறுக்கினேன். இப்போது தட்டை வளைவு இரண்டு கிலோ தாங்குகிறது. வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்த கையோடு இதைச் செய்துவிடுங்கள். சீனிக்குப் பதிலாக உப்புப் பை வையுங்கள், எறும்பு வராது.