கட்டாதவர் பட்டியல் முதலில், வராதவர் பட்டியல் எங்கோ: மெம்பர்ஷிப்புக்கு மாறிய ஒரு கராத்தே மாஸ்டரின் அனுபவம்

மதுரையில் நான் நடத்தும் கராத்தே கிளாஸின் சந்தாவையும் வருகையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆப் வாங்கியிருக்கிறேன். காலையில் அதைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பில் ஒரு பட்டியல் வரும். இந்த மாதம் பணம் கட்டாதவர்கள். யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாள் தாமதம், பக்கத்திலேயே நினைவூட்டல் அனுப்ப ஒரு பட்டன். சரி, கிளாஸுக்கு வராதவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமா? ரிப்போர்ட்டுக்குள் போக வேண்டும், வருகைப் பதிவைத் திறக்க வேண்டும், தேதி போட வேண்டும், அப்புறம் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்க்க வேண்டும். மாதச் சந்தா வாங்கும் மெம்பர்ஷிப் முறைக்கு மாறியதிலிருந்து இந்த ஒரு விஷயம் என்னைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை.

திண்டுக்கல்லில் கிளாஸ் நடத்தும் நண்பர் கூப்பிட்டு, "மாஸ்டர், ஆப்புக்கு ஆஃபர் போட்டிருக்காங்களாம், நானும் மாறிடவா?" என்று கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஆப் என்னவெல்லாம் செய்யும் என்பது கிளாஸ் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. கம்பெனி பெயரும் வேண்டாம். எனக்குத் தெரிந்து இந்த மாதிரி ஆப்கள் எல்லாம் ஜிம்முக்காகச் செய்யப்பட்டவைதான். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமில்லை. பழைய முறையில் மார்ச் வந்தால் பரீட்சை என்று பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். மே மாதம் சமர் கேம்பில் ஹால் கொள்ளாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் மேட் காலி. வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான வருமானம் மாத ஃபீஸில் இல்லை, பெல்ட் டெஸ்ட்டில்தான் இருந்தது. டெஸ்ட் ஃபீஸ், சர்டிஃபிகேட், பெல்ட், டிரஸ், போட்டி என்ட்ரி. இதில் ஒரு விளைவு உண்டு: எது பெல்ட்டில் போய் முடியுமோ அதைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்து காட்டும் அசைவுகள், நன்றாக வரும். ராத்திரி ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தொடையில் கை வைத்தால் முதல் நொடியில் என்ன செய்வது என்பதற்கு எந்தக் கலரிலும் பெல்ட் கிடையாது.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சித் திட்டம் இருக்கிறதே, அதில் போய்ச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மூன்று மாதம். பிள்ளைகள் சூடு பிடித்து, சத்தமாகக் கத்தவே அப்போதுதான் கூச்சம் விட்டிருக்கும், பயிற்சி முடிந்துவிடும்.

மெம்பர்ஷிப் வந்ததும் டெஸ்ட் ஃபீஸை மாதச் சந்தாவுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். பணம் மாதாமாதம் வரும் என்று தெரிந்த பிறகு பெல்ட்டுக்குச் சம்பந்தமில்லாத வகுப்புகளை வைக்கத் தைரியம் வந்தது. கத்தப் பழகுவதற்கென்றே ஒரு வகுப்பு. அவசர உதவி எண் 112-க்கும் பெண்கள் உதவி எண் 181-க்கும் என்ன வித்தியாசம், தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி ஆப்பில் யார் யார் நம்பரைச் சேர்த்து வைப்பது என்று ஒரு வகுப்பு. எல்லாவற்றையும்விட நன்றாகப் போனது சட்ட வகுப்பு. எங்கள் மெம்பர் ஒருவர் வக்கீல், அவரே எடுக்கிறார். 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பிறகு, பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை இப்போது 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை கிடையாது, போலீஸை நாட நேரம் இருந்தால் அப்போதும் கிடையாது என்றெல்லாம் அவர் சொல்லும்போது, ஸ்பாரிங் என்ற போட்டிச் சண்டையில் எட்டி உதைத்து மெடல் வாங்கிய பையன்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். "ஓடிப்போறவனைப் பின்னாடியே துரத்தி உதைக்கலாமா சார்?" என்று ஒருவன் கேட்டான். "அவன் ஓட ஆரம்பிச்சா உன் ஆபத்தும் ஓடிருச்சுப்பா, அப்புறம் எந்த உரிமையில உதைப்பே?" என்றார். இருபது வருடம் கராத்தே சொல்லிக்கொடுத்ததில் இவ்வளவு அமைதியான வகுப்பை நான் பார்த்ததில்லை. இது பெல்ட் வருமானத்தில் நடந்திருக்காது. மெம்பர்ஷிப்பால் நடந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. சந்தா மாதாமாதம் தானாகப் போகும் யுபிஐ ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் "நாளை இவ்வளவு எடுக்கப்படும்" என்று மெம்பருக்கு ஒரு மெசேஜ் போக வேண்டும், அது விதி. போன மாதம் முழுக்க முகமே காட்டாதவர்கள் அந்த மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் டிரஸ்ஸை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் வாட்ஸ்அப்பில் கெஞ்சினாலும் வராதவர்கள். என் கிளாஸுக்கு ஆள் கூட்டிவருவதில் என்னைவிட அந்த மெசேஜ் கெட்டி. வருத்தமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

ஆனால் எல்லாரும் அப்படி வருவதில்லை. அங்கேதான் என் கோபம்.

ஜிம் வியாபாரம் எப்படி ஓடுகிறது என்பது ரகசியமில்லை. அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இதைக் கணக்குப் போட்டே காட்டியது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் ஜிம்முக்குப் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்மில் பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். ஜிம்காரருக்கு வராத மெம்பர்தான் லாபம். ட்ரெட்மில் தேயாது, ஏசி செலவில்லை, பணம் மட்டும் வரும். வராதவருக்கும் உடம்பு கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

தற்காப்பில் கணக்கு வேறு. கையைப் பிடித்தால் அவன் கட்டை விரல் பக்கமாகத் திருகி இழு என்று இரண்டு மூன்று வகுப்பில் காட்டியிருப்பேன். விட்டுக்கொடுக்கிற பார்ட்னரோடு செய்தபோது நன்றாகவே வந்திருக்கும். அப்புறம் வருவதில்லை. சந்தா மட்டும் போகிறது. அவர் மனதில் "நான் கராத்தே கிளாஸில் இருக்கிறேன்" என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது. பயத்தில் கை நடுங்கும்போது அந்த இழுப்பு வராது, பழகியிருந்தால்தான் வரும். பழகாதவருக்கு நான் விற்பது வெறும் தைரியம். அதைவிடக் கேவலமான சரக்கு இந்தத் தொழிலில் இல்லை.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்படித்தான். கடை மூட ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும், என் கடைசி பேட்ச் எட்டரைக்கு முடியும். ராத்திரி தனியாகத் திரும்ப வேண்டியிருக்கிறது என்றுதான் சேர்ந்ததே. "நிறுத்திக்கோம்மா, முடியும்போது வா" என்று நானே சொன்னேன். "இருக்கட்டும் மாஸ்டர், பணம் போய்க்கிட்டே இருந்தாத்தான் வரணும்னு தோணும்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல? அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் ஞாயிறு காலையில் ஒரு பேட்ச் தொடங்கினேன். வருகிறார், சில வாரம். ஆப்பைப் பொறுத்தவரை அவர் எந்தக் குறையும் இல்லாத மெம்பர். தேதி தவறாமல் பணம் வருகிறதே!

கம்பெனிக்குச் சொல்லாமல் இல்லை. இரண்டு வாரம் வராதவர் பெயரை முதல் பக்கத்தில் காட்டுங்கள் என்று சாட்டில் கேட்டேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான், குறை சொல்ல மாட்டேன். மற்ற கஸ்டமர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை என்றான். ஏன் கேட்கப் போகிறார்கள்? வராதவனுக்குப் போன் போட்டால் அவன் முழித்துக்கொண்டு சந்தாவையே ரத்து செய்துவிடுவானே. ஆட்டோபேயை அவரவர் போனிலேயே நிறுத்திவிடலாம், நம் கையில் ஒன்றுமில்லை. இப்போது வருகைப் பதிவை நோட்டில் எழுதுகிறேன், வருடத்துக்குப் பணம் கட்டி வாங்கிய ஆப் பையில் இருக்க.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு மாணவிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. மொத்தமே 12 மணி நேரப் பயிற்சி, மூன்று மூன்று மணியாக நான்கு அமர்வு. அடி உதை ஒரு பகுதிதான், ஆபத்தை முன்கூட்டியே கணிப்பதும், தெரிந்தவனிடமே வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்வதும்தான் நிறைய. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், துண்டறிக்கை மட்டும் வாங்கிய மாணவிகளில் 9.8 சதவீதம் பேருக்கு நடந்திருந்த பாலியல் வல்லுறவு, பயிற்சி எடுத்தவர்களில் 5.2 சதவீதமாக இருந்தது. அப்படியானால் நேர்மையாக விற்க வேண்டிய சரக்கு 12 மணி நேரம், ஒரே ஃபீஸ், போய் வாருங்கள் என்பதுதான். அதில் மதுரையில் ஒரு ஹாலுக்கு வாடகை கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் மெம்பர்ஷிப் நடத்துகிறேன். என் கோபம் 12 மணி நேரத்தைத் தாண்டி வராதவர்கள் மேல் இல்லை. அந்த 12 மணி நேரத்தையே தொடாமல் மாதாமாதம் கட்டுகிறவர்களைப் பார்த்துத்தான்.

மற்றவை சின்ன விஷயங்கள். சந்தாவை ஒரு மாதம் நிறுத்தி வைக்கும் வசதி நன்றாக வேலை செய்கிறது. சித்திரைத் திருவிழா சமயத்தில் இந்த ஊரில் யாரையும் மேட்டுக்குக் கூப்பிட முடியாது, அப்போது உதவும். குடும்பச் சந்தா போட்டதில் அம்மாக்கள் சேர்ந்தார்கள், பிள்ளைகளைவிட ஒழுங்காக வருகிறார்கள். பெற்றோர்கள் "பணம்தான் போகுதே, பெல்ட் எப்ப தருவீங்க?" என்று கேட்பது மட்டும் கூடியிருக்கிறது. ஆப் அவ்வப்போது வெள்ளைத் திரையாக நின்றுவிடும், மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

லாபமா என்றால், லாபம். மார்ச் மாதம் தூக்கம் வருகிறது. நல்ல வகுப்புகள் நடக்கின்றன. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஏனென்றால் ஆஃபரில் 20 சதவீதம் குறைகிறதே என்று நானே அடுத்த வருடத்துக்கும் கட்டிவிட்டேன், அது அவருக்குத் தெரியும். சேர்ந்துதான் தீருவேன் என்றால் முதல் வருடம் மாதக் கட்டணத்தில் எடுங்கள் மாஸ்டர். பணம் எடுக்கும் தேதியை 1 என்று வைக்காதீர்கள், 7 என்று வையுங்கள். கடைச் சம்பளம் 5-ம் தேதிக்கு முன்னால் கைக்கு வராது, பாதிப் பேருக்குத் திரும்பிவிடும்.