நாற்காலியா, திடலா, சைக்கிளா? இதயம் பலவீனமானவர்களுக்கான வீட்டுப் பயிற்சி

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைப் போதுமான அளவு செலுத்த முடியாத நிலை, என்றதும் படுக்கையே கதி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் 2331 நோயாளிகள் பங்கேற்றனர். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு முறையான பயிற்சி பாதுகாப்பானது என்று அது காட்டியது. டாக்டர் தலையாட்டிய பிறகு எதில் தொடங்குவது? மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களை வைத்தே பார்ப்போம்.

நடைக்குக் காசு வேண்டாம், ஆனால் தோட்டத்துச் சாலை மேடுபள்ளமானது. போகும்போது இறக்கமென்றால் களைத்துத் திரும்பும்போது ஏற்றம். மூச்சு வாங்குவது அங்கேதான். வெயில் ஏறுமுன் திடலைச் சுற்றுவது மேல். மெதுவாக 5 நிமிடம், சற்று வேகமாக 5, மறுபடி மெதுவாக 5. வாரம் 2 நிமிடம் வேகநடையைக் கூட்டலாம். பேச வர வேண்டும், பாட வரக்கூடாது, அதுதான் அளவு. பீட்டா பிளாக்கர் என்னும் இதய மாத்திரை நாடித்துடிப்பை அடக்கிவைப்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

நடைக்குப் பெரிய இடைஞ்சல் நீர் மாத்திரை. ஃபுருசமைடு போன்ற நீர் மாத்திரையைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிறுநீர் முட்டும். செம்பனைக்கு நடுவே, அதுவும் பெண்கள், எங்கே ஒதுங்குவது? இதற்குப் பயந்து மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நடந்து வந்த பிறகு போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

இந்தத் தொல்லை நாற்காலியில் இல்லை. மழை நாளும் வீணாகாது. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்தபடி 2 நிமிடம் கால்களை மாற்றி மாற்றித் தூக்குங்கள். முழங்காலை நீட்டி மடக்குவது காலுக்கு 8 முறை. பிறகு எழுந்து உட்காருவது 5 முறை. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி எழுந்தால் ரத்த அழுத்தம் எகிறும். முடித்ததும் சட்டென எழுந்து போகாதீர்கள், தலை சுற்றும்.

உடற்பயிற்சி சைக்கிள் மூட்டுவலிக்காரர்களுக்கு நல்லது. இருக்கை தாழ்ந்தால் முட்டி நோகும்; மூட்டுவலி இல்லாதவர்கள் சைக்கிளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

எங்கள் தேர்வு: முதல் மாதம் நாற்காலி, பிறகு திடல். மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலோ, கால் புதிதாக வீங்கினாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றே கிளினிக் போங்கள். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே 999 (மலேசிய அவசர உதவி எண்).