எண்ணா, சொல்லா? ரோபோ ஆபரேஷனுக்குப் பின் வலியைக் கேட்கும் இரு வழிகள்

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) ரோபோ ஆபரேஷன் முடிந்து வேலூர் வார்டில் படுத்திருக்கும் குடியாத்தத்துப் பெரியவரிடம், "ஐயா, 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி; உங்களுக்கு எவ்வளவு?" என்றால், "அஞ்சு இருக்கும்மா" என்பார்.

எண்ணுக்குப் பலம் உண்டு. காலையில் 6, மாத்திரைக்குப் பின் 3 என்றால் மருந்து வேலை செய்கிறது. அடுத்த ஷிப்டுக்கும் புரியும். ஆனால் படுக்கையில் சொன்ன 3, இருமும்போது 7 ஆகலாம். இரண்டையும் கேட்க வேண்டும்.

சொல்லோ இடத்தைக் காட்டும். "தோள்பட்டை குத்துது" என்றால் பெரும்பாலும் ஆபரேஷனில் வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் வேலை. சில நாளில் அடங்கும். (நெஞ்சும் பாரமாக இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.) "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, ஒண்ணுக்கு முட்டுது" என்றால் சிறுநீர் வடியப் போட்டிருக்கும் குழாயால் சிறுநீர்ப்பையில் வரும் பிடிப்பாக இருக்கலாம். முதலில் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. இதற்கு மார்ஃபின் என்ற கடும் வலி மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் மலச்சிக்கல்தான் மிஞ்சும். ரோபோவின் கருவிகளை நுழைக்க வயிற்றில் துளையிட்ட இடத்து வலிக்கு, நேரம் தவறாமல் கொடுக்கும் பாராசிட்டமாலே பலருக்குப் போதும். எண்ணில் கேட்டால் இந்த மூன்று வலியும் ஒரே 5 ஆகத் தெரியலாம்.

நான் சொல்லின் பக்கம். நம் பெரியவர்கள் "பரவால்லம்மா" என்றே வலியை விழுங்குகிறவர்கள், "எங்கே வலிக்குது?" என்று கேட்டால்தான் கையை வைத்துக் காட்டுவார்கள்.