ஜி.ஆர்.ஈ. கிரகித்தல் பயிற்சி: கிளிநொச்சியிலிருந்து ஒரு நீண்ட அனுபவம்

வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் செய்ய நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள், அதிலும் அறிவியல்நகரில் பொறியியலோ விவசாயமோ படித்தவர்கள், அதற்கான ஜி.ஆர்.ஈ. என்ற நுழைவுப் பரீட்சையின் கணிதத்தைப் பற்றி என்னிடம் கேட்பதே இல்லை. கேட்பதெல்லாம் ஆங்கில வாசிப்பு, அதாவது கிரகித்தல். நான் ஒரு வருடத்துக்கும் மேலாக, வேலைக்குப் போய்க்கொண்டே அதைப் பயிற்சி செய்தேன். பரீட்சை முடிந்த பிறகும் சில தம்பி தங்கச்சிமாரோடு சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து செய்துகொண்டுதான் இருக்கிறேன். எது உதவியது, எது காசை மட்டும் தின்றது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பரீட்சையின் அமைப்பு, ஏனென்றால் பழைய அமைப்பைச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரிலிருந்து முழுப் பரீட்சையும் 1 மணி 58 நிமிடம்தான். மொழிப் பகுதி இரண்டு துண்டுகள்: முதலாவது 18 நிமிடத்தில் 12 வினா, இரண்டாவது 23 நிமிடத்தில் 15 வினா. இதில் கிட்டத்தட்டப் பாதி கிரகித்தல். முதல் துண்டை எப்படிச் செய்தோம் என்பதை வைத்துத்தான் இரண்டாவது எவ்வளவு கடினமாக வரும் என்பது முடிவாகும். ஒரு துண்டுக்குள் வினாவைக் குறித்து வைத்துவிட்டு முன்னும் பின்னும் போகலாம். வினாவுக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வரும், ஆனால் இடைவெளி நிரப்பும் வினாக்களை அதைவிட வேகமாக முடித்தால் மிஞ்சுகிற நேரம் முழுக்க வாசிப்புக்குத்தான்.

சரி, எதை வைத்துப் படித்தேன்? ஜி.ஆர்.ஈ.யை நடத்தும் ஈ.ரி.எஸ். நிறுவனம் தானே இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகள், அவர்களே வெளியிட்ட மொழிப் பகுதிப் பயிற்சிப் புத்தகம், அப்புறம் ஒரு பிரபலமான கட்டணச் செயலி. செயலியை முதலில் சொல்லிவிடுகிறேன், பேரைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் வினாக்கள், அழகான வரைபடங்கள், தினமும் உற்சாகப்படுத்தும் அறிவிப்புகள், எல்லாம் இருந்தன. பந்திகள்தான் சரியில்லை. பிழையான விடைகள் பார்த்தவுடனே பிழை என்று தெரிகிற மாதிரி எழுதப்பட்டிருந்தன, சில இடங்களில் சரியென்று அவர்கள் காட்டிய விடைக்குப் பந்தியில் ஆதாரமே இல்லை. அதிலே நன்றாகச் செய்து பழகிய ஒரு தங்கச்சி பவர்பிரெப்பில் உட்கார்ந்தபோது புள்ளி இறங்கி அழுத அழுகையைப் பார்த்த பிறகு, யாருக்கும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கிரகித்தலில் வினாவை எழுதியவரின் கைப்பக்குவம்தான் முழுப் பயிற்சியும். கணிதத்துக்கு யார் வினா போட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம், வாசிப்புக்கு அது நடக்காது.

அசல் வினாக்கள் கொஞ்சம்தானே, முடிந்துவிடுமே என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது, மெதுவாகச் செய்தால். நான் பழகிய முறை இதுதான்: ஒரு பந்தியை நேரம் வைத்துச் செய்வது, விடையைப் பார்க்காமல் அதே பந்தியை நேரமே வைக்காமல் திரும்பச் செய்வது, பிறகு ஒவ்வொரு பிழையான விடைக்கும் அது ஏன் பிழை என்று கொப்பியில் ஒரு வரி தமிழில் எழுதுவது, அதற்கப்புறம்தான் விடையைப் பார்ப்பது. இலவச பவர்பிரெப் சரி பிழையைக் காட்டும், காரணத்தை விளக்காது. அது குறையாகத் தெரியலாம், ஆனால் காரணத்தை நாமே எழுதப் பழகினால் அந்தக் குறையே பலன். ஒரு பந்திக்கு அரை மணித்தியாலம்கூடப் போகும், போகட்டும். சில மாதங்களில் என் கொப்பி முழுக்க ஒரே நான்கைந்து காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. சொன்னதைவிடக் கடுமையாகச் சொல்கிறது, பாதி சரி பாதி பிழை, உண்மைதான் ஆனால் கேட்ட வினாவுக்கு விடையில்லை, ஆசிரியர் மறுக்கிற கருத்தை ஆசிரியருடையதாகக் காட்டுகிறது, பந்தியிலேயே இல்லை.

இந்தக் கடைசி வகைதான் வன்னிப் பிள்ளைகளை அதிகம் விழுத்துகிறது, அதற்குக் காரணம் அறியாமை இல்லை, அறிவு. ஓர் உதாரணத்தை நானே போட்டுக் காட்டுகிறேன். பந்தி இப்படி என்று வையுங்கள்: காட்டில் உணவு போதாததால்தான் யானைகள் வயலுக்குள் வருகின்றன என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டது, ஆனால் மழைக்குப் பிறகு புல் செழித்திருக்கும் மாதங்களிலும் அவை வருகின்றன, ஆகவே உணவுப் பற்றாக்குறையால் மட்டும் இதை விளக்க முடியாது. ஆசிரியர் எதை ஏற்றுக்கொள்வார் என்று கேட்டு மூன்று விடைகள்: உணவுப் பற்றாக்குறைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, பற்றாக்குறை தவிர வேறு காரணமும் இருக்க வேண்டும், யானைகளுக்குப் புல்லைவிட நெல் பிடிக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் இரவிரவாக வயல் காவல் காத்த வீட்டுப் பிள்ளை மூன்றாவதைப் பார்த்தவுடன் தெரிவு செய்யும், ஏனென்றால் நெல்லை யானை எப்படித் தின்னும் என்று அந்தப் பிள்ளை கண்ணால் கண்டது. பந்தி அதைச் சொல்லவில்லை. முதலாவது, ஆசிரியர் சொன்னதைத் தாண்டிப் போகிறது, அவர் "மட்டும்" என்றுதான் சொன்னார். இரண்டாவது மட்டுமே சரி. ஜி.ஆர்.ஈ.யில் இப்படி மூன்று விடை தந்து, பொருந்தும் எல்லாவற்றையும் தெரிவு செய்யச் சொல்லும் வகை உண்டு. ஒன்று சரியாக இருக்கலாம், மூன்றுமே சரியாக இருக்கலாம், ஒன்றைத் தவறவிட்டால் பாதிப் புள்ளி கிடையாது. ஆகவே ஒவ்வொன்றையும் தனி வினாவாக எடுத்து, பந்தியில் எந்த வரி இதைத் தாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். காட்ட முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும், எவ்வளவு உண்மையாக இருந்தாலும்.

தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைக்கு இது எட்டாது என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். ஓ.எல். தமிழ்ப் பாடத்தில் கிரகித்தல் செய்த அதே மூளைதான் இங்கேயும் வேண்டும். சொற்களைப் பாடமாக்குவது இடைவெளி நிரப்பும் பகுதிக்கு உதவும், வாசிப்புக்கு அவ்வளவு உதவாது. அங்கே சிக்கல் நீண்ட வாக்கியத்தில் யார் என்ன சொல்கிறார் என்பதைப் பிடிப்பது. அதற்கு நான் தினமும் வேலை முடிந்து வந்து ஏயோன், ஜேஸ்டோர் டெய்லி என்ற இரண்டு ஆங்கில இணைய இதழ்களிலும் ஏதாவது ஒரு கட்டுரை வாசித்தேன், இரண்டும் இலவசம். ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லில் அதன் வேலையை எழுதுவேன்: பழைய கருத்து, மறுப்பு, சான்று, சந்தேகம். கொழும்புப் பத்திரிகைகளின் செய்திகள் இதற்குச் சரிவரவில்லை, செய்தியில் வாதம் குறைவு.

அசல் ஜி.ஆர்.ஈ. வினாக்களைச் செய்து முடித்தவர்களுக்கு இன்னொரு வழி, சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் வாசிப்புப் பகுதி. 35 நிமிடத்தில் நான்கு தொகுதிகள், அதில் ஒன்று இரண்டு பந்திகளை ஒப்பிடுவது. ஜி.ஆர்.ஈ.யைவிட நீளம், களைப்பு, ஆனால் வினாத் தரம் மிக உயர்வு. வணிகக் கல்லூரிகளுக்கான ஜிமாட்டின் இலவச மாதிரித் தேர்வுகளும் நல்லவை, புதிய ஜிமாட் மொழிப் பகுதியில் இலக்கணம் இல்லை, 45 நிமிடத்தில் 23 வினாவும் வாசிப்பும் தர்க்கமும்தான். கட்டண பவர்பிரெப் பிளஸ் ஒன்று மட்டும் வாங்கலாம், பரீட்சைக்கு முந்தைய வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முறைதான் செய்யலாம்.

என் மொழிப் புள்ளி முதல் பவர்பிரெப்பில் 144, பரீட்சையில் 155. பெரிய அதிசயம் இல்லை, நான் விண்ணப்பித்த பொறியியல் துறைகளுக்குப் போதுமாக இருந்தது.

எங்கே எழுதுவது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் தனி அறை, மூடிய கதவு, அறுந்துபோகாத இணையம் வேண்டும், குறிப்பெடுக்கச் சாதாரணக் கடதாசி கூடாது, அழிக்கக்கூடிய சின்ன வெள்ளைப் பலகை மாதிரி ஒன்றில்தான் எழுத வேண்டும். கரண்ட் போய் வருகிற வீடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முதல் நாளே கொழும்புக்கு பஸ்ஸோ ரயிலோ ஏறி, தெரிந்தவர் வீட்டில் தங்கி, பரீட்சை நிலையத்தில் எழுதுங்கள். வீட்டில்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் கொப்பியை விட்டுவிட்டு அந்தப் பலகையிலேயே சில வாரம் பழகுங்கள், பந்திக் குறிப்பு எழுதும் வேகம் அதில் வேறு மாதிரி வரும்.